காண்பார்க்கும் வினை உண்டோ?

விடுமுறை நாள் வந்தால் குழந்தைகளை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இன்று ஒவ்வோர் இல்லத்திலும் வழக்கமாகிவிட்டது. முன்னாளில் ஊர் ஜினாலயத்துத் தேரும் திருவிழாவும் அந்த ஆவலை நிறைவு செய்தன. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களினின்று பணி நிமித்தமாக மதுரைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுக்குத் தேர் ஓடும் வீதி இப்போது அருகில் இல்லை. விளையாட்டரங்கமே திருவிழாத் திடலாயிற்று. கிரிக்கெட், ஹாக்கி, கபடி என ஏதேனும் ஓர் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, குழந்தைகளுக்குத் தொப்பியும் கொடியும் வாங்கித் தந்து, ஒரு மாலைப் பொழுதை அங்கே கழித்துத் திரும்புகிறோம். அமெரிக்காவில் வாழும் நம்மவர் பேஸ்பால் ஆட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும் இவ்வகையினதே.

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆடுபவர் ஆடுகிறார். நாம் வெறுமனே அமர்ந்து காண்கிறோம். காண்பவனுக்கு ஏது வினை?

நம் சமயத்தில் இக்கேள்விக்கு எளிதில் ‘இல்லை’ என்று விடை கூற இயலாது. ஒரு செயலைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்று வாயில்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். இவற்றை மனம், மொழி, மெய் என்பவற்றோடு உறழ்ந்து ஒன்பதாக எண்ணும் வழக்கத்தைப் பாடசாலைப் பருவத்திலேயே நம் முதியோர் கற்றனர். உடன்படுதலை அனுமோதனை என்பர். கை அசையாமலும் வாய் திறவாமலும் உள்ளத்தால் ‘நன்று’ என்று மகிழ்ந்தாலும் அச்செயலில் நமக்குப் பங்கு உண்டு. தீவினைக்கு மட்டுமன்று, நல்வினைக்கும் இவ்விதி பொருந்தும். தவசிக்கு ஒருவர் ஆகாரதானம் செய்யக் கண்டு மகிழ்ந்தவரும் அத்தானத்தின் பயனில் பங்கு பெறுவர் என்று கதைகள் கூறுவதும் இதனாலன்றோ?

தெருவில் சிறுவர் ஆடும் ஆட்டத்துக்கும் அரங்கில் நிகழும் ஆட்டத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தெருச் சிறுவருக்குக் காண்போர் தேவையில்லை. ஒருவரும் பாராவிடினும் அந்தி மயங்கும் வரை ஆடுவர். ஊதியம் பெற்று ஆடுவோரின் ஆட்டமோ காண்போருக்காகவே நிகழ்வது. இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் அந்த ஆட்டம் நின்றுவிடும். ஆதலின் சீட்டு வாங்கியவர் உடன்படுவதோடு நிற்கவில்லை, ஒரு பகுதி செய்விக்கவும் செய்கிறார். இதனை மனத்திற்கொண்டே எந்த ஆட்டத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வது, அங்கே எவ்வாறு அமர்வது என்ற இரண்டையும் எண்ண வேண்டும்.

மதுரையில் வாழ்வோருக்கு முதற் கேள்வி தை மாதத்தில் வருகிறது. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என மூன்று நாளும் இப்பகுதி முழுவதும் ஜல்லிக்கட்டைப் பற்றியே பேசும். 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர் திரண்டனர். சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18இல் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. 2024 ஜனவரி 24இல் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் இதற்கெனவே ஒரு பேரரங்கம் திறக்கப்பட்டது. முன்பு மூங்கில் தடுப்பின் மேல் நெருக்கியடித்து நின்று பார்த்ததை இப்போது படிவரிசையில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம். வெல்வோருக்குக் காரும் டிராக்டரும் பரிசாகின்றன. பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் எல்லாரும் போய் வந்து பேசுகையில் நம் வீட்டுப் பிள்ளை, “நாம ஏன் போகல?” என்று கேளாதிருக்குமா?

‘அது பாவம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது என்பது நம் கருத்து. காளை வளர்க்கும் குடும்பங்களை அண்டை வீட்டாராகக் கொண்டவர்கள் நாம். அவர்கள் தம் காளைக்குப் பெயரிட்டு அழைப்பதையும், தாம் உண்ணுமுன் அதற்குத் தீனி வைப்பதையும், அது இறந்தால் மாலை சூட்டி அடக்கம் செய்வதையும் காண்கிறோம். ஏர் உழவு மறைந்த பின்னும் புலிக்குளம் போன்ற நாட்டினங்கள் எஞ்சியிருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம் என்று அவர்கள் கூறுவதைப் புறந்தள்ள முடியாது. வாடிவாசலில் நின்றுவிட்டால் அக்காளைகள் எங்கே போகும் என்பது நாம் விடை சொல்ல வேண்டிய வினா. அவை இறைச்சிச் சந்தைக்குப் போகும் என்றால் நம் தூய்மை யாருக்குப் பயன்?

ஆயினும் குழந்தையை அங்கே அழைத்துச் செல்ல நம் மனம் இசையவில்லை. காரணம் இது: பிற ஆட்டங்களில் இருபுறத்தாரும் தாமே இசைந்து களம் இறங்குகின்றனர். விதியும் தெரியும், தோற்றால் வீடு திரும்பலாம் என்பதும் தெரியும். வாடிவாசலைத் தாண்டி வரும் காளைக்கு இவை எதுவும் தெரியாது. அது கூட்டத்தைக் கண்டு மிரள்கிறது. அந்த மிரட்சியிலிருந்து எழும் பாய்ச்சலே காட்சி. காளை அஞ்சாமல் அமைதியாக நடந்து போனால் கூட்டம் கைதட்டாது. ஓர் உயிரின் அச்சமே நம் மகிழ்ச்சிக்குப் பொருளாகும் இடத்தில் அமர்ந்திருப்பதை அனுமோதனை என்னாமல் வேறு என்னென்பது? ஆதிநாதரின் பீடத்தில் எருதைக் கண்டு, ‘இது ரிஷபதேவரின் இலாஞ்சனம்’ என்று கற்ற குழந்தைக்கு, அதே எருதின் திமிலில் ஒருவர் தொங்குவதைக் கண்டு ஆர்ப்பரிக்கக் கற்பிப்பது எப்படிப் பொருந்தும்? திமிலைத் தழுவப் பாய்ந்த இளைஞர் குடல் சரிந்து தூக்கிச் செல்லப்படும் காட்சியும் அங்கே அரிதன்று. அதனையும் குழந்தை காணும்.

இதனைச் சொன்னபோது அலங்காநல்லூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்ட எதிர்க்கேள்வியை மறைக்க விரும்பவில்லை. “நாங்க மாட்டை உயிரோட வச்சுப் பாக்குறோம். நீங்க கிரிக்கெட் பாக்குறீங்களே, அந்தப் பந்து எதுல தச்சது?” என்றார். அவர் கேட்டது சரியே. கிரிக்கெட் பந்தின் மேலுறை மாட்டுத்தோல். பேஸ்பால் பந்து முன்பு குதிரைத் தோலால் மூடப்பட்டது. 1974 முதல் அமெரிக்கப் பெருந்தொடர்களில் அதற்கும் மாட்டுத்தோலே. அதனைப் பிடிக்கும் கையுறையும் தோல்தான். நம் பிள்ளைகள் மாலையில் ஆடும் இறகுப்பந்தில் உயர்ந்த வகை வாத்து, கூஸ் ஆகியவற்றின் இறகால் ஆனது. இக்கால ஹாக்கிப் பந்து மட்டும் பிளாஸ்டிக். தோல் செருப்பை விலக்கிக் கோயிலுக்குச் செல்லும் நாம் தோல் பந்தை எண்ணிப் பார்ப்பதில்லை. கண் முன் நிகழும் துன்பத்துக்கும், கண் காணாத தோல் பதனிடும் இடத்தில் முடிந்துபோன துன்பத்துக்கும் வேறுபாடு உண்டு என்று வாதிடலாம். முன்னதில் துன்பமே காட்சி, பின்னதில் துன்பம் காட்சியன்று. ஆனால் அந்த வேறுபாடு நம்மை முற்றும் விடுவிக்கிறது என்று சொல்ல நாம் துணியவில்லை. பிள்ளைகளுக்குச் செயற்கை இறகுப்பந்து வாங்கித் தருவது நம் கையில் உள்ளது. அரங்கில் வீசப்படும் பந்து நம் கையில் இல்லை.

சரி, விலங்கு இல்லை, குருதி இல்லை, இருவரும் இசைந்து ஆடும் ஆட்டம். அங்கே காண்போருக்கு வினை ஏதும் இல்லையா? இங்குதான் நம் நூல்கள் எதிர்பாராத ஒன்றைக் கூறுகின்றன. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களில் அநர்த்ததண்ட விரதி ஒன்று. பயனின்றிச் செய்யும் தீமைகளை விலக்குதல் என்பது அதன் பொருள். அத்தீமைகளுள் அபத்தியானம், அதாவது தீய எண்ணம், ஒரு வகை. தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், பிறருக்குக் கொலையும் கட்டும் உறுப்பிழப்பும் பொருளிழப்பும் எவ்வாறு நேரும் என்று எண்ணுவதை அபத்தியானம் என்கிறார். அந்த வரிசையின் தலைப்பிலேயே பிறரது வெற்றி தோல்வியையும் வைக்கிறார்! சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் வெற்றி தோல்வியைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. பகையாலும் விழைவாலும் எழும் எண்ணம் என்று காரணத்தை வைத்து இலக்கணம் கூறுகிறார். இருவரையும் இணைத்துப் படித்தால் பொருள் விளங்கும். யாரோ இருவர் மோத, அதில் ஒருவர் வீழ வேண்டுமென்று நாம் ஏங்குகிறோம். வீழ்ந்தால் நமக்கு வருவது ஒன்றுமில்லை. பயனில்லாத இவ்வேக்கத்தில் துவேஷம் கலக்கும் அளவுக்கு வினை கலக்கிறது.

இது மிகையென்று தோன்றுகிறதா? 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக்கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. இருபத்து நான்கு நாட்டு அணிகள் வந்தன. ரேஸ்கோர்ஸ் அரங்குக்கு நாமும் இரு குடும்பத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். அன்றைய ஆட்டத்தில் இரண்டும் அயல்நாட்டு அணிகள். அந்நாடுகள் உலகப்படத்தில் எங்குள்ளன என்பதுகூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அமர்ந்தவுடன் சிறியவன் கேட்டான்: “அப்பா, நாம எந்தப் பக்கம்?” எந்தப் பக்கமும் இல்லை என்ற விடை அவனுக்கு விளங்கவில்லை. சட்டையின் நிறத்தை வைத்துத் தானே ஒரு பக்கத்தைத் தேர்ந்தான். அவன் அக்காள் மற்றதைத் தேர்ந்தாள். கால்மணி நேரத்துக்குள் இருவருக்கும் பேச்சில்லை. அவன் தேர்ந்த அணி பின்தங்கியபோது உண்மையாகவே கண் கலங்கினான். விருப்பும் வெறுப்பும் காரணம் தேடி வருவதில்லை, ஒரு நிறம் போதும் அவற்றுக்கு. இராகத்துவேஷம் எவ்வாறு தோன்றுகிறது என்று நூல் வைத்து விளக்க முயன்று தோற்ற பெரியோர் பலர் இருக்க, அதனை ஒரு மாலையில் படிக்கட்டில் அமர்ந்தே காண முடிந்தது. இதனாலேயே அரங்குக்குப் போகக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக்குள் அடைத்து வைத்தால் விருப்பு வெறுப்பு எழாமலா போகும்?

அத்தொடரில் நம் இளைஞர் ஓமன் அணியை 17-0 என்ற கணக்கில் வென்றனர். பாகிஸ்தான் விலகியதால் வாய்ப்புப் பெற்று வந்த அணி ஓமன். ஹாக்கி ஆட்டம் அறுபது நிமிடம். சராசரியாக மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இலக்குக் காப்பு இளைஞர் வலையினின்று பந்து எடுக்கப்படுவதைக் கண்டிருப்பார். இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஆடும் ஆட்டம் அது. முதற் கோலுக்குக் கை தட்டுகிறோம், திறமைக்காக. பத்தாவது கோலுக்கு எதற்காகத் தட்டுகிறோம்? இன்னும் திறமைக்காகத்தானா, அன்றி ஒருவர் நொறுங்குவதைக் காணும் களிப்புக்காகவா? விடை ஒவ்வொருவர் உள்ளத்துக்கே தெரியும். குழந்தையிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரியோரைவிட நேராக விடை சொல்லும்.

வெற்றி தோல்வியைக் காண்பது பற்றி நம் மரபில் மற்றொரு பெருங்கதை உண்டு. பரதனும் பாகுபலியும் படையோடு எதிர்நின்றபோது, இருவர் சினத்துக்காக ஆயிரமாயிரம் வீரர் மடிவதா என்று அமைச்சர் தடுத்தனர். திருஷ்டியுத்தம், ஜலயுத்தம், மல்லயுத்தம் என மூன்று போட்டிகள் வகுக்கப்பட்டன. கண் இமையாது நோக்குதல், நீரை வாரி இறைத்தல், மற்போர். வாளேந்த வந்த இரு படைகளும் வாளை உறையிலிட்டு வேடிக்கை பார்த்தன. ஜினசேனரின் ஆதிபுராணத்திலும் நம் முன்னோர் மணிப்பிரவாள நடையில் படித்த ஸ்ரீபுராணத்திலும் இதனைக் காணலாம். போருக்கு மாற்றாக விளையாட்டை வைத்த கதை இது. கொலைக்களத்தில் நின்றிருக்க வேண்டியோர் காண்போராக மாறியதே அங்கு அகிம்சை. ஆதலின் போட்டி என்பதே தீது என்று கூற நம் நூல்களில் இடமில்லை.

பின்னர் நிகழ்ந்ததையும் பாருங்கள். மூன்றிலும் வென்ற பாகுபலி, மற்போரில் தமையனை மேலே தூக்கியவர், மண்ணில் அறையவில்லை. தோற்ற பரதனோ விதியை மறந்து சக்கரத்தை ஏவினார். அது பாகுபலியை ஊறு செய்யாது நின்றது. ஒப்புக்கொண்ட விதியை மீறுமளவுக்குத் தமையனை இழுத்த அந்த ஆசையைக் கண்ட கணத்தில், வென்றவருக்கு வென்ற பொருள் கசந்தது. அரசை விட்டுத் தவம் மேற்கொண்டார். தோற்றவரின் சினமும் வென்றவரின் துறவும் ஒரே களத்தில் நிகழ்ந்தன. காண்போருக்கு அக்களம் எதனைக் கற்பித்தது என்று நூல் விரித்துரைப்பதைவிட, நம் பிள்ளைகள் அதனைக் கேட்டுத் தாமே சொல்வது சுவையாக இருக்கிறது. ‘பரதன் அழுகுணி ஆட்டம் ஆடினான்’ என்றாள் ஒரு சிறுமி. சக்கரவர்த்தியைப் பற்றி அவ்வாறு சொல்லலாகாது என்று பாட்டி கடிந்தார். நமக்கென்னவோ சிறுமி சொன்னதே சரியெனப்பட்டது.

எனில் அரங்கில் அமர்ந்து எதற்கு உடன்படுவது? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், நெறிக்கு அடங்காதோரிடத்து நடுநிலை. இரண்டாவதைப் பிரமோதம் என்பர். நம்மைவிட ஒருவர் சிறந்திருக்கக் கண்டு பொறாமையின்றி மகிழ்வது அது. சூத்திரம் சொல்வது அறவோர் குணத்தை. பந்தாட்டத் திறமையை அதனோடு ஒப்பிடலாமா என்று பண்டிதர் வினவலாம். பயிற்சிக் களமாக ஒப்பிடலாம் என்றே நாம் கருதுகிறோம். எதிரணியின் அழகிய ஆட்டத்துக்கு மனமாரக் கை தட்டத் தெரியாத பிள்ளை, நாளை உடன் பணியாற்றுவோரின் உயர்வைக் கண்டு எப்படி மகிழும்?

1999 ஜனவரி 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் நிகழ்ந்ததை நினைவிற் கொண்டோர் நம்மில் பலர். இந்தியா வெல்ல 271 ஓட்டம் தேவை. சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 எடுத்து வெளியேறினார். அணி 258இல் சுருண்டது. பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் வென்றது. அரங்கம் ஓசையற்றுப் போயிற்று. பின்னர் மக்கள் எழுந்து நின்று வென்றோருக்குக் கை தட்டினர். வாசிம் அக்ரமின் அணியினர் மைதானத்தை வலம் வந்து அதனை ஏற்றனர். பகைமை பேசப்பட்ட நாட்கள் அவை. அடுத்த மாதம் கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் அதே இரு அணிகளும் ஆடியபோது கலவரம் மூண்டு, காண்போர் அனைவரும் வெளியேற்றப்பட்டு, ஆட்டம் வெற்றிருக்கைகளின் முன் முடிந்தது. ஆடியோர் அவரே, ஆட்டம் அதுவே. காண்போர் மட்டும் வேறு. சேப்பாக்கத்தில் அன்று எழுந்து நின்றோர் எந்தச் சூத்திரமும் படித்தவர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சூதைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. ஏழு வியசனங்களுள் அது முதலாவது என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். ஆட்டத்தைச் சூது எப்படித் தின்னும் என்பதற்கு ஐ.பி.எல். தொடரில் 2013இல் வெளிப்பட்ட பந்தய விவகாரமும், அதனால் சென்னை அணி 2016, 2017 ஆகிய ஈராண்டும் விலக்கி வைக்கப்பட்டதும் சான்று. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ‘உங்கள் அணியைத் தேர்ந்தெடுங்கள்’ என்ற விளம்பரம் வீரர்களின் சட்டையிலேயே இருந்தது. வீட்டில் பெரியவர் ஐம்பது ரூபாய் கட்டி ஆடியதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குச் சட்டம் மட்டும் போதாது.

உணவு பற்றி ஒன்று. ஐ.பி.எல். ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது. பிற தொடர்களிலும் விளக்கொளி ஆட்டமே மிகுதி. இராப்போசனம் விலக்கும் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்கையில் இதனாலேயே இடர்ப்படுகின்றன. அரங்கினுள் விற்பதைப் பசியால் வாங்கித் தந்துவிட்டுப் பின் வருந்துவதைவிட, ஐந்தரை மணிக்கே வீட்டில் உணவை முடித்துப் புறப்படுவது எளிது. வெளியுணவை உள்ளே கொண்டு செல்லவும் பல அரங்குகளில் விடுவதில்லை. பகலாட்டம் உள்ள நாளைத் தேர்ந்தால் இச்சிக்கலே இல்லை.

தை விடுமுறையில் வட மாவட்டங்களிலிருந்து மதுரைக்கு வரும் உறவினருக்கு நாம் சொல்வது இது. அந்நாட்களில் அலங்காநல்லூர்ச் சாலை நெரிசலாயிருக்கும். நகருக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வழி எளிது. காலை வெயில் ஏறுமுன் தாமரைக் குளத்தருகே வண்டியை நிறுத்தி, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்குள்ள சிற்ப வரிசையில் பார்சுவநாதர், மகாவீரர் ஆகியோருடன் கொடி படர நிற்கும் பாகுபலியும் உண்டு. பிள்ளைகளுக்கு மூன்று போட்டிகளின் கதையை அங்கே சொல்லலாம். குடிநீர் கையில் இருக்கட்டும், மலையில் கிடைக்காது. இறங்கி வந்து பகலுணவு கொண்டு சற்றே இளைப்பாறினால், ரேஸ்கோர்ஸ் அரங்கில் ஆட்டம் இருக்கும் நாளாயின் மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.